குரங்கு நமக்கு என்ன முறை வேணும்?

போன வாரம் நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபின் என் இடத்துக்கு வந்த விலங்கியல் ஆசிரியை. கெட்டிக்காரி, ஆனால் தொட்டதற்கெல்லாம் பயப்படுவாள்.

"மேடம், வேற போர்டுல பத்தாங்கிளாஸ் புத்தகத்துல இருந்து பரிணாமத்தையே தூக்கிட்டாங்களாம். நேத்து ஒரு பேரன்ட் வந்து, 'அங்கயே வேண்டாம்னு எடுத்துட்டாங்க, நீங்க மட்டும் எதுக்குப் புள்ளைங்களுக்குக் கொரங்குக் கதை சொல்றீங்க'ன்னு கேட்டாருங்க. பேசாம, அந்தப் பாடத்தை மட்டும் நீங்களே படிச்சுக்கோங்கன்னு சொல்லிடட்டுங்களா?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஏம்மா, யாரும் சண்டைக்கு வராத பாடமாப் பாத்து நடத்திட்டுப் போகத்தான் வாத்தியாரு வேலைக்கு வந்தியா?" என்று கேட்டுவிட்டேன். அழுதுவிட்டாளோ என்று எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சரி சரி, அனுமந்தன் விஷயம் உனக்குத் தெரியாதில்ல? எழுதி அனுப்பறேன், படிச்சுட்டு முடிவு பண்ணு," என்றேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் படித்தது தர்மபுரியில். கல்லூரியில் எங்களுக்குப் பரிணாமம் எடுத்த பேராசிரியர் முதல் வகுப்பிலேயே கையெடுத்துக் கும்பிட்டு, "அம்மா, இதையெல்லாம் மார்க்குக்கு எழுதுங்க, மனசுல வச்சுக்காதீங்க," என்றார். வேலைக்கு வந்த புதிதில் நானும் அவர் வழியில்தான் போனேன். வரையறை, எடுத்துக்காட்டு, ஐந்து மதிப்பெண் கேள்வி, முடிந்தது பாடம். நான் சாமி கும்பிடுகிறவள். வருஷம் தவறாமல் தீர்த்தமலை ஏறுகிறவள். பாடம் பாட்டுக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தது, சாமி பாட்டுக்கு வீட்டில் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

பார்க்கவைத்தது ஒரு கோழிமுட்டை. சேலத்தில் ஒரு பணியிடைப் பயிற்சியில், மூன்று நாள் அடையில் இருந்த முட்டையின் ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டிக் காட்டினார்கள். மஞ்சள் கருவின் மேல் வலை பின்னின மாதிரி ரத்த நாளங்கள். நடுவில் விரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு உயிர். அதற்குள் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்பாக ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. கோழி என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. அலகு இல்லை, இறகு இல்லை. ஆனால் இதயம் வந்துவிட்டது! லென்ஸ் வைத்துத் தொண்டைப் பக்கம் பார்த்தால் மீனுக்கு இருக்கிற மாதிரி வரிவரியாக மடிப்புகள்.

"அம்மா வயித்துல ஒரு மாசக் கருவா இருந்தப்ப இதே மடிப்பு உங்களுக்கும் இருந்துச்சு," என்றார் பயிற்சி கொடுத்தவர். மீனுக்கு அது செவுளாகிறது. நமக்குத் தாடையாகவும் காதாகவும் தொண்டையாகவும் மாறிவிடுகிறது. புத்தகத்தில் எத்தனையோ தடவை படித்த வரிதான். ஆனாலும் கை தானாகக் கழுத்துக்குப் போய்விட்டது. பஸ்ஸில் திரும்பும்போது எதிரில் இருந்தவர்களின் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு அம்மா சங்கிலியை முந்தானையால் மூடிக்கொண்டு முறைத்தாள்.

அதற்கப்புறம் அந்த முட்டையைக் காட்டாமல் நான் பாடத்தைத் தொடங்கியதே இல்லை. முறையைச் சொல்லிவிடுகிறேன், நிவேதாவுக்கு உதவும். கடை முட்டை ஆகாது. சேவலோடு திரிந்த நாட்டுக்கோழியின் முட்டை வேண்டும். நான் முதல் தடவை கடையில் வாங்கி வைத்து, மூன்றாம் நாள் பிள்ளைகள் முன்னால் உடைத்து, ஆம்லெட்டுக்குத்தான் ஆயிற்று. அடைக்கோழி கிடைத்தால் அதன் கீழே வைத்துவிடலாம். இல்லாவிட்டால் தெர்மாகோல் பெட்டி, உள்ளே ஒரு குண்டு பல்பு, கிண்ணத்தில் தண்ணீர். வெட்டுவதற்கு முன் முட்டையைப் படுக்கவைத்து அரை மணி நேரம் அசைக்காமல் விட வேண்டும், கரு மேலே மிதந்து வந்துவிடும். சிரிஞ்சால் கொஞ்சம் வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுத்தால் கரு ஓட்டை விட்டுச் சற்று இறங்கும். ஓட்டின் மேல் செல்லோடேப் ஒட்டி, வளைந்த கத்தரியால் காசு அளவுக்கு வட்டமாக வெட்ட வேண்டும். டேப் இல்லாவிட்டால் ஓட்டுத் தூள் கருவின் மேல் கொட்டிவிடும். அப்புறம் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் சில சொட்டு. வெட்டும்போது யாரும் பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவைப்பேன். திறந்த பிறகு அப்படிச் சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை.

நான் கடைசியாக வேலை பார்த்தது கம்பைநல்லூர் பக்கத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில். தலைமை ஆசிரியர் ஞானமுத்து சார். காலையில் பைபிள் வாசித்துவிட்டுத்தான் பச்சை மைப் பேனாவைத் தொடுவார். மெல்லப் பேசுவார். அவர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் நாலு பேசியிருப்பேன். யார் அறைக்குள் வந்தாலும், சண்டைக்கு வந்த தகப்பனாக இருந்தாலும், எழுந்து நிற்பார். மேசையில் எப்போதும் ஒரு சொம்பும் இரண்டு டம்ளரும் இருக்கும். "மொதல்ல தண்ணி குடிங்க" என்பார். சும்மா உபசாரத்துக்கு இல்லை. டம்ளர் காலியாகிற வரைக்கும் வாயைத் திறக்கமாட்டார். கத்திக்கொண்டு வந்த ஆள் அண்ணாந்து தண்ணீர் குடிக்கும்போது கத்த முடியாதல்லவா? குடித்து முடிக்கையில் பாதிக் கோபம் இறங்கியிருக்கும். என்மேலேயே பலமுறை அதைப் பிரயோகித்திருக்கிறார்.

ஒருநாள் என் பரிணாம வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்தார். வகுப்பு முடிந்ததும் அறைக்குக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். வம்புதான் என்று நினைத்துக்கொண்டே குடித்தேன்.

"இது எனக்கு ஒப்பலம்மா. என் வேதத்துல வேற மாதிரி இருக்கு. நான் அதைத்தான் நம்பறேன்."

"சார், பாடத்திட்டத்துல இருக்கறதைத்தான்..."

"இருங்க. நான் நம்பறது என் வூட்டு விஷயம். பாடத்தை நீங்க அரைகுறையா நடத்தினா அது ஆபீஸ் விஷயம். இன்னிக்குத் தொல்லுயிர் எச்சத்தைப் பாதியில விட்டுட்டு ஓடிட்டீங்க. நாளைக்கு மறுபடி எடுங்க. நானும் வர்றேன்."

மறுநாளும் வந்து உட்கார்ந்தார். தான் நம்பாத ஒன்றை முழுசாக நடத்தச் சொல்லிக் கூடவே இருந்து பார்த்த மனுஷரை நான் வேறெங்கும் கண்டதில்லை. மனசுக்குள் கும்பிட்டேன்.

இனி அனுமந்தன் விஷயம். நான் ஓய்வு பெற்ற கல்வியாண்டு, மார்கழி மாதம். பள்ளியில் அறிவியல் கண்காட்சி. பன்னிரண்டாம் வகுப்பு பவித்ராவுக்கு மனிதப் பரிணாமச் சார்ட்டு ஒதுக்கியிருந்தேன். அவள் அப்பாதான் அனுமந்தன். பக்கத்து ஊரில் தக்காளியும் மரவள்ளியும் போடுகிறவர். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். பெயருக்கேற்ற ஆஞ்சநேயர் பக்தர், சனிக்கிழமை ஒருவேளைதான் சாப்பாடு. பவித்ரா ஒரே பெண். நர்சிங் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்த வீட்டில் அதுவரை யாரும் பத்தைத் தாண்டியதில்லை.

கண்காட்சிக்கு முந்தின நாள் சார்ட்டில் வரிசையாகக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஸ்கெட்ச் பேனாவில் பெயர் எழுதி என்னிடம் காட்டினாள். முதல் கட்டத்தில் குரங்கு, கடைசியில் மனிதன். 'குரங்கை அங்கே வைக்காதே, அது வேறு கிளை' என்று திருத்தச் சொன்னேன். 'சரிங்க டீச்சர்' என்று தலையாட்டினாள். பிள்ளைகள் தலையாட்டுவதை நம்பக் கூடாது. படம் வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள். எல்லாப் பள்ளியிலும் அதே வாரம் கண்காட்சி, குரங்குப் படம் மட்டும் தீர்ந்துவிட்டது. வீட்டில் வருஷம் முடிகிற காலண்டர் ஒன்று கழற்றி வைத்திருந்தது. சாமி படத்தைக் குப்பையில் போடுகிற வழக்கம் நம் பக்கம் இல்லை. அந்தக் காலண்டரில் இருந்த ஆஞ்சநேயரை அழகாகக் கத்தரித்து முதல் கட்டத்தில் ஒட்டிவிட்டாள். கீழே முந்தின நாள் எழுதின பெயர் அப்படியே இருந்தது: குரங்கு.

நான் பார்ப்பதற்கு முன்னால் யாரோ போட்டோ எடுத்துவிட்டார்கள். முதல் மணி அடிப்பதற்குள் அது சுற்றுப்பட்ட ஊர் வாட்ஸ்அப் குரூப்பையெல்லாம் சுற்றி வந்துவிட்டது. அனுமன் ஜெயந்தி நெருங்கிக்கொண்டிருந்த நேரம். தலைமை ஆசிரியர் என்ன மதம் என்பதையும் ஒரு புண்ணியவான் சேர்த்து எழுதிவிட்டான். அதற்குமேல் கேட்க வேண்டுமா?

மதியத்துக்குள் குமரேசன் ஆட்களோடு வந்துவிட்டார். ஒரு கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருப்பவர். அவர் மகளும் எங்கள் பள்ளியில் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். ஞானமுத்து சார் எழுந்து நின்றார். "மொதல்ல தண்ணி குடிங்க," என்றார். வந்தவர்கள் இருபது பேருக்குமேல், டம்ளர் இரண்டு. ஒவ்வொருவராகக் குடித்து, சொம்பை மறுபடி நிரப்பி, மறுபடி குடித்து... பயத்துக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது.

"சார், எங்க சாமியக் கொரங்குன்னு எழுதி மாட்டிருக்கீங்க," என்றார் குமரேசன் வாயைத் துடைத்துக்கொண்டு. "யாரு பண்ணுனது? அந்த டீச்சர் மேல ஆக்சன் எடுக்கணும். இல்லேன்னா நாங்க கலெக்டர் ஆபீசு முன்னாடி உக்காருவோம்."

நான் வாயைத் திறந்தேன். சார் ஒரு விரலை உயர்த்தினார், மூடிக்கொண்டேன். "சார்ட்டு என் பள்ளிக்கூடத்துல மாட்டினது. அதுக்குப் பொறுப்பு நாந்தாங்க. எழுதறதை என் பேர்ல எழுதுங்க," என்றார். டீச்சர் செய்தது என்று சொல்லியிருக்கலாம், பிள்ளை செய்தது என்று சொல்லியிருக்கலாம். அவர் இருந்த இடத்தில் அப்படிச் சொல்லாத ஆள் அபூர்வம்.

அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அனுமந்தன் வந்தார். தோளில் இருந்த துண்டு இடுப்புக்குப் போயிருந்தது. "ஒட்டுனது எம் புள்ளைங்க," என்று எல்லார் முன்னாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எனக்கு இந்த அசிங்கம் போதுமுங்க. சாமியே கொரங்குன்னு சொல்லித் தர்ற படிப்பு வேண்டாம். நாளையில இருந்து அவ வரமாட்டா."

குமரேசனே ஒரு நிமிஷம் திகைத்துவிட்டார். அவர் என்னை ஒரு வழி பண்ணத்தான் வந்தார், பவித்ராவை அல்ல. வாசலோரம் நின்றிருந்த பவித்ரா அழக்கூட இல்லை. பையை எடுத்துக்கொண்டு அப்பா பின்னாலேயே போய்விட்டாள்.

சொன்னது சொன்னபடி அவள் வரவில்லை. பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்தும் வரவில்லை. பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று பிள்ளைகள் சேதி கொண்டுவந்தார்கள். "சார், நான் போய் அவங்க வூட்டுல காலுல விழுந்தாவது கூட்டிட்டு வந்துடறேன்," என்றேன்.

"கெஞ்சினா அனுப்பிடுவாங்க," என்றார் ஞானமுத்து சார். "ஆனா புள்ள தப்புப் பண்ணினவளாத்தான் வருவா. அவங்கள இங்க வரச் சொல்லுங்க. குமரேசனையும் வரச் சொல்லுங்க. புள்ளைங்களுக்கு என்ன நடத்துனீங்களோ, அதையே அவங்களுக்கும் நடத்துங்க. முட்டையோட." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துச் சொன்னார்: "சனிக்கிழமை வேண்டாம். அனுமந்தன் விரதம்."

ஒரு வியாழக்கிழமை வந்தார்கள். குமரேசன் நாலைந்து பேரோடு வந்தார். அனுமந்தன் பவித்ராவைக் கூட்டிக்கொண்டு வந்தார். சார் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

குமரேசன் தொடங்கினார். "டீச்சர், சுத்தி வளைக்க வேண்டாம். மனுசன் கொரங்குல இருந்து வந்தானா இல்லியா? ஒரே வார்த்தை."

"இல்லீங்க."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. "பின்ன?"

"கொரங்கு நமக்குத் தாத்தா இல்லீங்க. பங்காளி." அனுமந்தன் பக்கம் திரும்பினேன். "உங்களுக்குப் பங்காளி எத்தனை வூடுங்க?"

"இருக்கும் ஒரு நாப்பது வூடு."

"அவங்கள்ல யாருக்காவது நீங்க பொறந்தீங்களா?"

ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டார். அனுமந்தன் சிரிக்கவில்லை. "அதெப்படீங்க? எல்லாத்துக்கும் மேல ஒரு பாட்டன். அவரு வம்சம்தான் நாப்பதாப் பிரிஞ்சுது."

"பாட்டன் பேரு தெரியுங்களா?"

"யாருக்குங்க தெரியும்? ஆனா எல்லாருக்கும் ஒரே குலசாமி. அதை வச்சுத்தான் பங்காளின்னு கண்டுக்கறது."

"அதேதாங்க. கொரங்குக்கும் நமக்கும் மேல ஒரு பாட்டன் இருந்தாரு. அவரு கொரங்கும் இல்ல, மனுசனும் இல்ல. கோழிக்கும் நமக்கும் இன்னும் மேல ஒரு பாட்டன். மீனுக்கும் நமக்கும் அதுக்கும் மேல. பங்காளின்னு கண்டுக்க என்ன அடையாளம்னு கேப்பீங்க. வாங்க, காட்டறேன்."

வெட்டத் தொடங்கினேன். ஓட்டை எடுத்ததும் முதலில் குமரேசன் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. "அடேயப்பா... துடிக்குதுடா!" என்று பின்னால் இருந்தவரின் கையைப் பிடித்து இழுத்தார்.

அனுமந்தன் முறை வந்தது. கிட்டே வந்தவர் நின்றார், திரும்பி வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்தார். லென்ஸில் கண்ணை வைத்தார். தொண்டை மடிப்பு எங்கே என்று ஊசி முனையால் காட்டினேன். வயிற்றில் இருக்கும்போது நமக்கும் அது உண்டு, பவித்ராவுக்கும் இருந்தது என்றேன். வெகுநேரம் பார்த்தார்.

"டீச்சர், இது பொழைக்குங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லீங்க. ஓட்டை அடைச்சு வச்சாலும் பெரும்பாலும் பொழைக்காது."

"அப்ப நல்லாப் பாத்துக்கணுங்க," என்று சொல்லி மறுபடி குனிந்தார். அவர் கை மெல்ல அவர் கழுத்துக்குப் போனதைப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குமரேசன் பவித்ராவிடம் தணிந்த குரலில் கேட்டார். "ஏம்மா, நீ ஏன் சாமியக் கொண்டுபோய் அதுல ஒட்டுன?"

"கடையில படம் கெடைக்கலீங்க மாமா," என்றாள். அப்பாவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "அப்புறம்... கொரங்கு நமக்குச் சொந்தம்னு டீச்சர் சொன்னாங்க. அப்படீன்னா ஆஞ்சநேயரும் நமக்குச் சொந்தமாயிடறாருன்னு எனக்கு ரொம்ப சந்தோசமா இருந்துச்சு. அதான் ஒட்டுனேன்."

முப்பது வருஷம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். சந்தோஷமாக இருந்தது என்று ஒரு பிள்ளை சொல்லி அன்றுதான் கேட்டேன். அனுமந்தன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் வாத்தியார் புத்தி எங்கே போகும்? "சந்தோசமெல்லாம் சரி. பங்காளியக் கொண்டுபோய்ப் பாட்டன் எடத்துல ஒட்டிட்ட, அதுக்கு மார்க்கு கெடையாது. சாமிய எடுத்துப் பூஜை ரூம்ல வை, சார்ட்டைப் புதுசாப் போடு," என்றேன். குமரேசன்தான் முதலில் சிரித்தார். போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டு, "குரூப்புல நான் சொல்லிக்கறேன் டீச்சர், பிரச்சனை தீந்துருச்சுன்னு. ஆனா இதையெல்லாம் நான் ஒத்துக்கிட்டேன்னு வெளிய சொல்லிறாதீங்க," என்றார். இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

எல்லாரும் போனபிறகு ஞானமுத்து சார் எழுந்து வந்து லென்ஸில் பார்த்தார். இதயத்தின் வேகம் குறைந்துகொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு இன்னும் ஒப்பலம்மா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க மட்டும் இங்க இல்லேன்னா முழங்கால் போட்டிருப்பேன்," என்றார்.

திங்கட்கிழமை பவித்ரா வந்துவிட்டாள். கதை இதோடு முடிந்திருந்தால் நிவேதாவுக்குப் போனிலேயே சொல்லி வைத்திருப்பேன்.

பொதுத்தேர்வு, உயிரியல் பரீட்சை நாள். பொழுது விடிகிற நேரத்தில் போன் அடித்தது.

"டீச்சர், அனுமந்தன் பேசறேங்க. நேத்து சாயங்காலம் எங்க ஊர்ல ஒரு கொரங்கு கரண்டுக் கம்பியில அடிபட்டுச் செத்துப்போச்சுங்க. காலையில எடுக்கறோம். நாந்தான் முன்ன நின்னு செய்யறேன்."

"அடப் பாவமே."

"அதில்லீங்க டீச்சர், ஒரு சந்தேகம். பங்காளின்னு சொன்னீங்க. பங்காளி செத்தா நமக்குத் தீட்டு. எடுக்காம வூட்டுல அடுப்பே பத்த வைக்கல. தீட்டோட புள்ளையப் பரீட்சைக்கு அனுப்பலாங்களா?"

குரங்கு இறந்தால் மாலை போட்டு மேளம் வைத்து அடக்கம் செய்வது நம் பக்கத்தில் எப்போதும் உள்ளதுதான். ஆனால் அதற்குத் தீட்டுக் காத்த ஊர் ஒன்றும் இல்லை. தீட்டு வரைக்கும் கொண்டுவந்து விட்டது என் பங்காளிப் பேச்சு. "அனுப்புங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால், அன்றைக்கு ஆய்வகத்தில் சொன்னது சும்மா பேச்சுக்கு என்று ஆகிவிடும். "இருங்க, நானே வர்றேன்," என்று வண்டியை எடுத்தேன். என் பாடப் பரீட்சை என்பதால் எனக்கு ஹாலில் வேலை கிடையாது. என் வீடு இருக்கிற அதியமான்கோட்டையிலிருந்து அந்த ஊருக்கு நான் அவ்வளவு வேகமாக அதற்கு முன்பும் போனதில்லை, பின்பும் போனதில்லை.

ஊர்ப் புளியமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் குரங்கை உட்காரவைத்திருந்தார்கள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, புது வேட்டித் துணி சுற்றி, ரோஜா மாலை. மாலை வாங்கி வந்தது குமரேசன். தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். குரங்கின் ஒரு கை நாற்காலிக்கு வெளியே தொங்கியது. யாரும் சொல்லாமலே அதை எடுத்து மடியில் வைத்தேன். என் கைக்குள் அந்தக் கை இருந்தது. சின்ன நகங்கள். உள்ளங்கையில் ரேகை, ஜோசியக்காரன் பார்த்துப் பலன் சொல்லலாம், அத்தனை தெளிவு. வாழ்நாளெல்லாம் படத்தில் காட்டி நடத்திய கையை அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தொட்டேன். விட மனசு வரவில்லை.

பவித்ரா வீட்டு வாசலில் யூனிபார்ம் போடாமல் உயிரியல் புத்தகத்தோடு நின்றிருந்தாள்.

அனுமந்தன் என்னிடம் வந்தார். "நீங்க சொல்றதுதாங்க. கிட்டத்துப் பங்காளின்னா காரியம் முடியறவரைக்கும் தீட்டு. ஏழு தலைமுறை தாண்டின பங்காளின்னா எடுத்ததும் தலைமுழுகினாப் போதும். இவுங்களும் நாமளும் பிரிஞ்சு எத்தனை தலைமுறைங்க ஆச்சு?"

உயிர் வந்தது எனக்கு. "ரெண்டரைக் கோடி வருஷத்துக்கு மேல ஆச்சுங்க."

"கோடியா?" என்றார் குமரேசன். செல்போனை எடுத்தார். "ஒரு தலைமுறைக்கு எத்தனை வருஷம் டீச்சர்?"

"பத்துன்னே வச்சுக்கோங்க."

தட்டிப் பார்த்தார். மறுபடி தட்டினார். "இருபத்தஞ்சு லட்சம் தலைமுறை காட்டுதுங்க," என்றார்.

அனுமந்தன் குரங்கைப் பார்த்தார். தன் கையைத் திருப்பிப் பார்த்தார். வாசலில் நின்ற மகளைப் பார்த்தார். "அத்தனை தலைமுறையும் ஆத்தா புள்ள, ஆத்தா புள்ளன்னு, ஒரு எடத்துலகூட அறாம வந்துருக்குதுங்களா டீச்சர்? இந்தப் பக்கமும், அந்தப் பக்கமும்?"

"ஒரு எடத்துல அறுந்திருந்தாக்கூட நீங்களும் நானும் இல்லீங்க. பவித்ரா இல்ல. இதுவும் இல்ல."

"ஆஞ்சநேயா," என்றார். அவர் சொன்னது கடவுளை அழைத்தா, ஆச்சரியத்தினாலா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் அப்போது அதைத் தவிர வேறு சொல் கிடைத்திருக்காது.

எடுத்தார்கள். ஊர் எல்லையில் குழி தோண்டி உட்கார்ந்த வாக்கிலேயே இறக்கினார்கள். முதல் பிடி மண் அனுமந்தன் போட்டார். கையைத் தட்டிவிட்டுத் திரும்பி ஒரு அதட்டல் போட்டார். "இன்னும் என்னா பாத்துக்கிட்டு நிக்கற? எடுத்தாச்சு. போய்த் தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுக் கெளம்பு, டீச்சர் வண்டியில போ!"

பவித்ரா ஓடினாள். துவட்டக்கூட நேரமில்லை. வழிநெடுக அவள் தலைமுடியிலிருந்து சொட்டிய தண்ணீர் என் முதுகை நனைத்துக்கொண்டே வந்தது. பள்ளிக் கேட்டில் ஞானமுத்து சார் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"எங்க போயிட்டீங்க? ஏன் இப்படி நனைஞ்சிருக்கா?"

"பங்காளி சாவு சார்," என்றாள் பவித்ரா.

சார் என்னைப் பார்த்தார். இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். அவருக்கு ஒப்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "எடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்டார். ஆச்சு என்றாள். "அப்ப மொதல்ல தண்ணி குடி," என்று கையிலிருந்த டம்ளரைக் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, ஹால் வரைக்கும் தானே கூட்டிக்கொண்டு போனார். அவள் இப்போது ஓசூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறாள்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்று, வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் பதறிக்கொண்டு வந்தார்.

"யாரு தவறினது?"

"பங்காளி."

"நம்ம பங்காளியா? எனக்கு யாரும் சொல்லலியே!"

"சொல்லியிருக்க மாட்டாங்க. பிரிஞ்சு ரொம்ப நாளாச்சு," என்று சொல்லிக் குனிந்து நின்றேன். "எனக்கு ஊத்திட்டு, நீங்களும் ஒரு சொம்பு ஊத்திக்கோங்க."